குலாஷ் என்றால் ருசி, மாட்டுக்கறி என்றால் தீட்டா?

சில வாரங்களுக்கு முன்பு ஒரு பயிற்சி முகாமின் மதிய இடைவேளையில், எங்களோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் தன் ஐரோப்பியப் பயணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். புடாபெஸ்ட் நகர உணவகம் ஒன்றில் எடுத்த படம். கிண்ணத்தில் செக்கச்செவேலென்று ஒரு குழம்பு. "குலாஷ். ஹங்கேரியோட தேசிய உணவு. வாயில வச்சா கரையுது" என்றார். என்ன கறி என்று கேட்டோம். "பீஃப்தான். ஆனா அங்க அது வேற மாதிரி" என்றார்.

இதே நண்பர்தான் போன வருடம் எங்களைத் தனியே அழைத்து, "தப்பா எடுத்துக்காதீங்க தோழர், ஆபீஸ்ல சிலருக்கு அந்த வாடை ஒத்துக்கல. அந்த டிபன் பாக்ஸ் மட்டும் வேண்டாமே" என்று பக்குவமாகச் சொன்னவர். ‘அந்த’ டிபன் பாக்ஸில் இருந்ததும் மாட்டுக்கறிதான். எங்கள் அம்மா சமைத்தது. அதுவும் வாயில் வைத்தால் கரையத்தான் செய்யும்.

அப்படி என்ன வேறு மாதிரி? கேள்வியை மனதில் வைத்துப் புழுங்குவதைவிட, அதையே வீட்டில் சமைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சமைத்தோம், தேடிப் படித்தோம். இரண்டிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெயர். ஹங்கேரி மொழியில் ‘குயா’ என்றால் மாட்டு மந்தை. அந்த மந்தையை மேய்ப்பவர் ‘குயாஷ்’. மாடு மேய்ப்பவர்கள் வெட்டவெளியில் இரும்புக் கொப்பரையைத் தொங்கவிட்டு ஆக்கித் தின்ற கறிக்கு ‘குயாஷ் ஹூஷ்’ என்று பெயர். தமிழில் சொன்னால் மாட்டுக்காரன் கறி. அவ்வளவுதான். வெளிநாட்டார் வாயில் அது ‘குலாஷ்’ ஆனது. இன்றைக்கு ஹங்கேரியில் போய் குயாஷ் கேட்டால் தண்ணீராக ஒரு சூப்பு வரும். உலகம் குலாஷ் என்று சொல்கிற கெட்டிக் குழம்புக்கு அங்கே ‘பெர்கெல்ட்’ என்று பெயர். நாங்கள் சமைத்தது இந்தப் பெர்கெல்ட்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போனோம். முழங்காலுக்குக் கீழே வரும் சதையாகக் கேட்டு ஒரு கிலோ வாங்கினோம். கடைக்காரர் நாங்கள் கேட்காமலேயே செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தந்தார். அவர் மேல் தப்பில்லை. மாட்டுக்கறி வாங்குபவர் வீடு போய்ச் சேரும்வரை அது வெளியே தெரியக் கூடாது என்பது இந்த ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

கால் கறியில் நரம்பும் சவ்வும் ஊடோடும். சீக்கிரம் வேகாது. ஆனால் இந்தச் சமையலுக்கு அதுதான் வேண்டும். மணிக்கணக்கில் சிறு தீயில் கிடக்கும்போது அந்தச் சவ்வு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அதனால் அசல் பெர்கெல்டில் மாவு கரைத்து ஊற்றும் வேலையே கிடையாது. இதைப் பெரிய கண்டுபிடிப்பு போல எங்கள் அம்மாவிடம் சொன்னோம். "இத ஹங்கேரிக்காரன் வந்து சொல்லணுமாக்கும்? கால் கறிய பொறுமையா வேகவிட்டா குழம்பு தானா கெட்டிப்படும்" என்று முடித்துவிட்டார்.

ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ பெரிய வெங்காயம். பொடியாக நறுக்க வேண்டும். ஹங்கேரியர்கள் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். நாங்கள் எங்கள் வீட்டு வழக்கப்படி மாட்டுக் கொழுப்பையே உருக்கினோம். வெங்காயம் கருகாமல், அவசரப்படாமல், பொன்னிறத்துக்கு வந்து குழையும்வரை வதக்கினோம். அடுத்து மிளகாய்த்தூள். இதற்குப் பாப்ரிகா என்று பெயர். சிவப்பு இருக்கும், காரம் இருக்காது. கிடைக்காதவர்கள் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம். மூன்று மேசைக்கரண்டி. இந்தச் சமையலின் ஒரே சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தூள் போடுவதற்கு முன்பு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். பாப்ரிகாவில் இருக்கும் இனிப்பு சூடான கொழுப்பில் நொடியில் கருகிக் கசந்துவிடும். இறக்கி, தூளைப் போட்டு, இரண்டு கிளறு கிளறி, உடனே கறியைப் போட்டுப் புரட்டி மறுபடியும் அடுப்பில் ஏற்றினோம். உப்பு, நசுக்கிய நான்கு பல் பூண்டு, இரண்டு தக்காளி, ஒரு குடைமிளகாய், சீரகம் போலவே இருக்கும் கேரவே விதை அரைக் கரண்டி. தண்ணீரை மொத்தமாக ஊற்றவில்லை. அடிபிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் மூன்று மணி நேரம். மஞ்சள் கிடையாது, மல்லி கிடையாது, தேங்காய் கிடையாது. அங்கே இதை உருளைக்கிழங்கோடும், ‘நோகெட்லி’ என்ற மாவுருண்டையோடும் சாப்பிடுகிறார்கள். நாங்கள் சோற்றோடு சாப்பிட்டோம்.

எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நன்றாக இருந்தது. வெங்காய இனிப்பும் கறியின் கொழுப்பும் சேர்ந்த ருசி. அம்மாவின் குழம்பைவிட மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக்கறி மாட்டுக்கறியாகத்தான் இருந்தது. வேறு மாதிரி இல்லை.

அப்படியானால் நண்பர் சொன்ன ‘வேற மாதிரி’ சட்டிக்குள் இல்லை. வெளியே இருக்கிறது. அதைத் தேடித்தான் ஹங்கேரியின் வரலாற்றுக்குள் போனோம்.

ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகள் பல நூற்றாண்டுகளாக மேய்ந்தன. 16-ஆம் நூற்றாண்டில் அந்த மந்தைகளை வியன்னா, நியூரம்பெர்க், வெனிஸ் சந்தைகள்வரை நடத்தியே ஓட்டிப்போனார்கள். லாபம் வியாபாரிக்கும் பிரபுவுக்கும், நடை மேய்ப்பனுக்கு. மேய்ப்பர்கள் கறியைச் சமைத்து, வற்றவிட்டு, வெயிலில் காயவைத்துப் பையில் கட்டிக்கொண்டு போனதாகவும், வேண்டும்போது வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். இதைப் படித்ததும் எங்களுக்கு உப்புக்கண்டம் நினைவுக்கு வந்தது. சேரியில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட கறியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள், இந்த மேய்ப்பர் கதையை மட்டும் உணவு வரலாறு என்று ரசித்துப் படிப்பார்கள்.

மிளகாயும் அங்கே முதலில் ஏழையின் மசாலாதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி, துருக்கியர் ஆட்சிக் காலத்தில் ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்த செடி அது. விலை கூடிய கறுப்பு மிளகு பணக்காரன் மேசையில் இருந்தது. குடியானவனும் மேய்ப்பனும் கொல்லையில் விளைந்த சிவப்பு மிளகாயை இடித்துப் போட்டுக்கொண்டார்கள். பிற்காலத்தில் செகெத் நகர ஆய்வகத்தில் இதே மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்த ஆல்பெர்ட் செண்ட்-ஜார்ஜி 1937-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏழை மேய்ப்பனின் இந்தச் சட்டி தேசத்தின் சட்டியாக மாறியது எப்படி? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரி ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்தது. பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-இல் ஜெர்மன் மொழியே ஆட்சி மொழி என்று ஆணையிட்டார். ஹங்கேரியப் பிரபுக்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் மொழி, எங்கள் உடை என்று அடையாளங்களைத் தேடினார்கள். வியன்னாக்காரனிடம் இல்லாத, ஹங்கேரியனிடம் மட்டுமே இருக்கிற ஓர் உணவு வேண்டியிருந்தது. அதுவரை தங்கள் மேசைக்கு வராத மேய்ப்பர் கறி அப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. அங்கிருந்து அது தேசிய உணவானது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே ஜோசப்தான் 1785-இல் ஹங்கேரியப் பண்ணையடிமைகள் பிரபுவின் அனுமதியில்லாமல் இடம்பெயரலாம், திருமணம் செய்துகொள்ளலாம், விரும்பிய தொழிலுக்குப் போகலாம் என்று ஆணையிட்டவர். வரியே கட்டாமலிருந்த பிரபுக்களிடம் வரி வசூலிக்கவும் முயன்றார். பிரபுக்களின் கோபம் மொழிக்காக மட்டும் வந்ததல்ல. உழைக்கும் மக்கள் தங்கள் பிடியிலிருந்து நழுவுகிறார்கள் என்ற பயமும், பணம் கட்ட வேண்டிவருமே என்ற பயமும் அதில் இருந்தன. 1790-இல் சாவதற்கு முன்பு ஜோசப் தன் ஆணைகளில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். பண்ணையடிமைகள் பற்றிய ஆணையைத் திரும்பப் பெறவில்லை. பண்ணையடிமை முறை முற்றாக ஒழிய 1848-வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடித்தட்டு மக்களின் சட்டியைத் தங்கள் பெருமையாக எடுத்துக்கொண்ட ஒரு வர்க்கம், அந்த மக்களின் விடுதலையை மட்டும் கடைசிவரை இழுத்தடித்தது.

இந்தக் கதையை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே இரண்டு வகை ஆதிக்க சாதியினர் இருக்கிறார்கள்.

முதல் வகையினருக்கு மாட்டுக்கறி தீட்டு. 2015-இல் தாத்ரியில் வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கிளப்பிவிட்டு ஒரு முஸ்லிமை அடித்தே கொன்றார்கள். 2016-இல் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து ஊர் பார்க்க அடித்தார்கள். வடக்கேதான் இப்படி, பெரியார் மண்ணில் நடக்காது என்று சொல்பவர்கள் ஆம்பூரை நினைத்துப் பார்க்கட்டும். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே அங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. எதிர்ப்பு எழுந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. இந்த முதல் வகையோடு நமக்குப் பழக்கம் உண்டு. அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது தெளிவு.

எங்கள் நண்பர் இரண்டாம் வகை. மாட்டுக்கறி சாப்பிடுவார். புடாபெஸ்டில் சாப்பிடுவார், கேரளா ஓட்டலில் சாப்பிடுவார், கல்லூரி நாட்களில் நண்பர்களோடு பீஃப் பிரியாணி சாப்பிட்டதைப் புரட்சி போலச் சொல்வார். படம் எடுத்துப் போட்டுத் தன்னை முற்போக்காளராக அறிவித்துக்கொள்வார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து எங்கள் அம்மா ஆக்கிய சட்டியில் கை நனைத்ததில்லை. அவருடைய மாடிப் போர்ஷன் காலியானபோது குடிவர வந்தவர்களிடம் "நீங்க எந்தப் பக்கம்? சொந்தக்காரங்கல்லாம் எந்தத் தெருவுல?" என்று சுற்றி வளைத்துக் கேட்டது எங்களுக்குத் தெரியும். ஹங்கேரியப் பிரபு செய்ததைத்தான் இவரும் செய்கிறார். கறி வேண்டும், கறிக்காரன் வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் மாட்டிறைச்சியைத் தீண்டாமையின் வேரோடு சேர்த்து ஆராய்ந்தார். ஒரு காலத்தில் பார்ப்பனர்களும் மாட்டிறைச்சி தின்றவர்களே; பௌத்தத்தோடு நடந்த மேலாதிக்கப் போட்டியில் அதைக் கைவிட்டு, தொடர்ந்து தின்றவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கினார்கள் என்பது அவருடைய வாதம். கறியில் தீட்டு கிடையாது, ஒரு கூட்டத்தை ஒதுக்கிவைப்பதற்காகத் தீட்டு அதன்மேல் ஏற்றப்பட்டது என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அப்படி ஏற்றப்பட்டதை, வேண்டும்போது ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சூட்டி இறக்கியும் வைக்கலாம். குலாஷ் என்றதும் தீட்டு காணாமல் போவதன் ரகசியம் இதுதான். பெயர் மாறியதும் சமைத்த கையின் சாதி மறைந்துவிடுகிறது.

"சரி தோழர், நம் உணவும் ஒருநாள் ஹங்கேரியில் போலத் தேசிய உணவாகட்டும், அப்போது எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். இந்த மயக்கமும் நமக்கு வேண்டாம். மாட்டுக்கறியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அதே ஹங்கேரியில் ரோமா மக்களின் நிலையைப் பாருங்கள்.

ரோமா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பரப்பிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை அவர்களுடைய மொழியே காட்டுகிறது. அவர்களும் அதே கொப்பரையில் அதே பெர்கெல்டைத்தான் ஆக்குகிறார்கள். உணவில் தீட்டு எதுவும் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. நல்ல அறிவுள்ள ரோமா பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பியது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் ஹங்கேரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கியோங்யோஷ்பட்டா என்ற ஊரின் பள்ளியில் ரோமா பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தனி வகுப்புகளில் பிரித்துவைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதை 2020-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உழைக்காமலே பணம் பெறுவதா என்ற தொனியில் பிரதமரே அந்த இழப்பீட்டுக்கு எதிராகப் பேசினார். இட ஒதுக்கீட்டைப் பற்றி நம் ஊர்த் திண்ணைகளில் கேட்கும் அதே குரல்!

அதற்கும் முன்பு, 2008-லும் 2009-லும் ரோமா வீடுகளைக் குறிவைத்துத் தொடர் தாக்குதல்கள் நடந்தன. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். ஓர் ஊரில் இரவில் வீட்டுக்குத் தீ வைத்து, உயிர் தப்ப வெளியே ஓடிவந்த தந்தையையும் அவருடைய சின்னஞ்சிறு மகனையும் சுட்டுக் கொன்றார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்குமா?

சட்டி ஒன்றுதான். கறி ஒன்றுதான். ஆனாலும் ஒதுக்குகிறவன் ஒதுக்க வேறு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறான்.

இந்த ரோமா மக்களிடமிருந்து நாம் பெருமைப்படவும் ஒன்று இருக்கிறது. ஹங்கேரியின் வடகிழக்கில் ஷயோகஸா என்று ஒரு சிற்றூர். அம்பேத்கரைப் படித்து, மகாராஷ்டிரத்துக்கு வந்து தலித் பௌத்தர்களைச் சந்தித்துத் திரும்பிய செயல்பாட்டாளர்கள் 2007-இல் அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். பள்ளியின் பெயர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி. படிப்பை இடையில் விட்ட, விடவைக்கப்பட்ட ரோமா இளைஞர்கள் அங்கே படிக்கிறார்கள். ஜெய்பீம் என்ற முழக்கம் அங்கேயும் ஒலிக்கிறது. எங்கள் குழம்பைத் தேசிய உணவுப் பட்டியலில் சேருங்கள் என்று அவர்கள் யாரிடமும் போய் நிற்கவில்லை. வகுப்பறைதான் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அம்பேத்கரை அவர்கள் எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் பாருங்கள்!

மீண்டும் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருகிறோம். கறி வெந்துகொண்டிருந்தபோது அம்மா எழுந்துபோய்ப் பழக்கதோஷத்தில் ஜன்னலைச் சாத்தினார். அவரை யாரும் சாத்தச் சொல்லவில்லை. எத்தனை வாடகை வீடுகளில் எத்தனை முறை யார் யார் என்னென்ன சொல்லியிருந்தால் ஒரு கை இப்படித் தானாகப் போய் ஜன்னலைச் சாத்தும்! சமூகவியல் வகுப்பில் படித்த பெரிய கோட்பாடுகள் எதுவும் அந்த நேரத்தில் எங்களுக்கு உதவவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்ததைத் திங்கட்கிழமை அதே டிபன் பாக்ஸில் அலுவலகத்துக்கு எடுத்துப்போனோம். நண்பர் எட்டிப் பார்த்து, "குலாஷா? வீட்லயே பண்ணீங்களா?" என்று ஆர்வமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுமூகமாக முடிந்திருக்கும். நாங்கள் "மாட்டுக்கறி. எங்க வீட்டு அடுப்புல வச்சது" என்றோம். அவர் கை நின்றது. இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். ஒரு தோழர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களோடு பங்கிட்டுச் சாப்பிட்டார்.

நண்பருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் எங்கள் கோரிக்கை இதுதான். எங்கள் உணவை நீங்கள் புகழ வேண்டாம். அதற்குப் புதுப் பெயர் வைத்துப் பெருமைப்படுத்தவும் வேண்டாம். மாட்டுக்கறி பிடிக்காதவர் சாப்பிட வேண்டாம். அது அவரவர் நாக்கு. ஆனால் வீடு வாடகைக்கு விடும்போது சாதி கேட்காதீர்கள். அலுவலக மேசையில் எங்கள் பாத்திரத்துக்குத் தனி விதி போடாதீர்கள். அரசு நடத்தும் விழாவில் எங்கள் அடுப்பை மட்டும் அணைக்காதீர்கள். பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்காதீர்கள். இவற்றைச் செய்யாமல் புடாபெஸ்ட் வரை போய் எத்தனை கிண்ணம் குலாஷ் குடித்தாலும் நீங்கள் முற்போக்காளர் ஆகிவிட முடியாது.

நம் தோழர்களுக்கு ஒன்று. கடையில் அந்தக் கறுப்புப் பையை இனி வாங்காதீர்கள். வீட்டிலிருந்தே தூக்குவாளி எடுத்துப் போங்கள். என்ன வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.